தெர்மாகோல் அணுகுண்டுக்கு முதல் பரிசு: தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரிய நண்பர்களுக்கும், பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் நடுவர்களாக உட்காரும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

ஓய்வு பெற்ற பிறகும் எனக்குக் கண்காட்சி ஆசை விடவில்லை. எந்தப் பள்ளியில் நடந்தாலும் போய் நின்றுவிடுகிறேன். சொட்டுநீர்ப் பாசனம், ஊசிக் குழாயில் ஓடும் ஜேசிபி, சமையல் சோடாவில் பொங்கும் எரிமலை: இந்த மூன்றும் இல்லாத கண்காட்சியை நான் பார்த்ததில்லை. அண்மையில் போன இடத்தில் புதிதாக ஒன்று இருந்தது. இரண்டடி உயரத்தில் தெர்மாகோல் காளான் மேகம். மேலே பஞ்சு ஒட்டி, உள்ளே சீரியல் செட் சுற்றி, சுவிட்சைத் தட்டினால் சிவப்பும் மஞ்சளுமாக மின்னியது. அடியில் தீப்பெட்டி வீடுகள், நடுவில் ஒரு பள்ளம். பதினோராம் வகுப்புப் பையன் மூச்சு விடாமல் ஒப்பித்தான்: "1945 ஆகஸ்ட் 6, லிட்டில் பாய், யுரேனியம் 235, 15 கிலோ டன் டி.என்.டி."

பார்க்க வந்த ஆறாம் வகுப்புப் பாப்பா ஒன்று, "அப்புறம் என்னாச்சுண்ணா?" என்று கேட்டது.

"அப்புறம் என்ன, ஜப்பான் சரண்டர் ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடி சுவிட்சைத் தட்டினான். முதல் பரிசு அதற்குத்தான்.

பையன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வேலைப்பாடு சுத்தம், ஒயரிங் சுத்தம். எந்தப் பள்ளி, யார் நடுவர் என்பதும் இந்த மடலுக்குத் தேவையில்லை. எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். நாம் அணுகுண்டை வெடிக்கிற நொடியோடு நிறுத்திவிடுகிறோம். பன்னிரண்டாம் வகுப்பு அணுக்கரு இயற்பியலிலும் அப்படித்தான்: பிளவு, தொடர்வினை, ஒரு கணக்கு, அடுத்த பாடம். அந்தப் பாப்பா கேட்ட கேள்விக்கான விடையில்தான் இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் வரலாறும் கொட்டிக் கிடக்கின்றன. அதைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு மதிப்பெண் போடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த 15 கிலோ டன். "எவ்வளவு பெரிசு தம்பி?" என்று கேட்டேன். "ரொம்பப் பெரிசு சார்" என்றான். நம் மாவட்டங்களில் இதை விளக்க லாரி போதும். 15 கிலோ டன் என்பது 15,000 டன் டி.என்.டி. வெடிமருந்து. லாரிக்கு 15 டன் ஏற்றினால் 1,000 லாரி. கிரானைட் லாரிகளை வரிசையில் விடுவதுபோல, இடைவெளியும் சேர்த்து லாரிக்கு 20 மீட்டர் என்று நிறுத்தினால் 20 கிலோமீட்டர். தர்மபுரியில் தொடங்குகிற வரிசை நெடுஞ்சாலையில் காரிமங்கலம் பக்கம் போய் முடியும். அத்தனையும் ஒரே இடத்தில், ஒரே சமயத்தில் வெடித்தால் வருகிற ஆற்றல் அது.

அந்த ஆற்றல் எவ்வளவு பொருளிலிருந்து வந்தது என்று கரும்பலகையில் போடச் சொல்லுங்கள். குண்டுக்குள் இருந்த செறிவூட்டிய யுரேனியம் சுமார் 64 கிலோ. அதில் பிளவுபட்டது ஒரு கிலோவுக்கும் குறைவு. 15,000 டன் டி.என்.டி.யின் ஆற்றல் ஏறத்தாழ 6.3 × 10¹³ ஜூல். அதை ஒளிவேகத்தின் இருமடியால், அதாவது 9 × 10¹⁶-ஆல் வகுத்தால் 0.0007 கிலோ வருகிறது. 0.7 கிராம். ஒரு சின்ன மூக்குத்தியின் எடை. அந்த அளவு நிறை காணாமல் போய் ஆற்றலாக மாறியதில் ஹிரோஷிமா என்கிற ஒரு நகரம் போய்விட்டது. ஐன்ஸ்டைனின் சமன்பாட்டை இதைவிடச் சுருக்கமாக நடத்த முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தொடர்வினையையும் இன்னும் கொஞ்சம் நிதானமாக நடத்தலாம். ஒரு யுரேனியம் 235 அணுக்கரு பிளந்தால் சுமார் 200 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலும் இரண்டு மூன்று நியூட்ரான்களும் வருகின்றன. ஒன்று இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு தலைமுறைக்கு ஆகும் நேரம் நொடியில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. 80-வது தலைமுறையில் 1.2 × 10²⁴ பிளவுகள். ஒரு கிலோ யுரேனியத்தில் இருக்கும் அணுக்களே சுமார் 2.5 × 10²⁴ தான். எல்லாம் நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான். முதல் 70 தலைமுறைகளுக்கு மேல் ஓடியும் ஆற்றல் ஒன்றும் பெரிதாக வராது. 99 சதவீதம் கடைசி ஏழு தலைமுறைகளில் வருகிறது. அதுவரை யுரேனியம் சிதறாமல் ஒன்றாக இருந்தாக வேண்டும். குண்டு செய்தவர்களுக்குத் தலைவலி கொடுத்தது இதுதான். ஹிரோஷிமாக் குண்டில் ஒரு துண்டைப் பீரங்கிக் குழல் போன்ற ஒன்றுக்குள் வைத்து இன்னொரு துண்டின் மேல் சுட்டார்கள். குண்டுக்கு உதவும் இன்னொரு தனிமமான புளூட்டோனியத்துக்கு அந்த வேகம் போதாது, சேர்வதற்குள் அரைகுறையாக வெடித்துவிடும். அதனால் சுற்றிலும் வெடிமருந்து வைத்து எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் உள்ளே நசுக்கினார்கள். 1945 ஜூலை 16 விடியலில் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் சோதித்தது இந்த இரண்டாவது வகையை. யுரேனியக் குண்டை ஒரு முறைகூடச் சோதிக்கவில்லை. அதன் முதல் வெடிப்பே ஹிரோஷிமா மக்கள் தலைக்கு மேல்தான்.

இதற்கெல்லாம் வேர் 1938 டிசம்பர், பெர்லின். யுரேனியத்தை நியூட்ரானால் தாக்கிய ஓட்டோ ஹானும் ஃப்ரிட்ஸ் ஸ்ட்ராஸ்மானும் அங்கே பேரியத்தைக் கண்டு திகைத்தார்கள். அது அணுக்கரு இரண்டாகப் பிளந்ததன் அடையாளம் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் லிசே மைட்னர்; கூட அவருடைய அக்கா மகன் ஓட்டோ ஃப்ரிஷ். மைட்னர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சில மாதங்களுக்கு முன்புதான் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி சுவீடன் போயிருந்தார். நோபல் பரிசு ஹானுக்கு மட்டும் போனது. பின்னால் குண்டு செய்ய அழைத்தபோது மைட்னர் மறுத்துவிட்டார். ஜோசப் ராட்பிளாட் என்ற இயற்பியலாளர், ஜெர்மனியிடம் அணுகுண்டு இல்லை என்று தெரிந்ததும் 1944 கடைசியில் குண்டு செய்யும் வேலையை விட்டு வெளியேறினார். ஓப்பன்ஹைமர் பெயர் இன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிகிறது. இந்த இருவர் பெயரையும் யாராவது சொன்னால் தேவலை.

இப்போது அந்தத் தெர்மாகோல் பள்ளத்துக்கு வருகிறேன். நடுவர்கள் அதைக் கவனித்திருக்க வேண்டும், ஏனென்றால் ஹிரோஷிமாவில் பள்ளமே இல்லை. குண்டு தரையில் விழவில்லை. சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது, வெடிக்கும்படி வைத்திருந்தார்கள். மேலிருந்து வரும் அதிர்வலை தரையில் பட்டுத் திரும்பி, பின்னால் வரும் அலையோடு சேர்ந்து ஒரே கனத்த அலையாகிறது. அப்படிச் சேர்ந்தால் அதிகப் பரப்பு நொறுங்கும். எந்த உயரத்தில் வெடித்தால் அதிக வீடு விழும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார். அலைகளின் மேற்பொருந்துதல் நம் பாடத்திலேயே இருக்கிறது.

வீடுகள் நொறுங்கி, பிறகு தீப்பிடித்து, மையத்திலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் வரை நகரம் எரிந்தது. தர்மபுரி வரைபடத்தில் நான்கு ரோட்டில் காம்பஸ் முள்ளை வைத்து இரண்டு கிலோமீட்டருக்கு வட்டம் போடச் சொல்லுங்கள். பேருந்து நிலையம் உள்ளே வரும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளே வரும். ஹிரோஷிமாவிலும் அதுதான் நடந்தது. பத்து மருத்துவர்களில் ஒன்பது பேர் செத்துப் போனார்கள் அல்லது காயப்பட்டார்கள். "அடிபட்டவர்களை எங்கே கொண்டு போவது?" என்று ஒரு மாணவர் கேட்டால், அந்த மாடலுக்கு உயிர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

கருங்கல் நம் தொழில் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். வெடித்த இடத்துக்கு நேர் கீழிருந்து 260 மீட்டர் தூரத்தில் ஒரு வங்கி. அதன் வாசல் கல்படியில், கதவு திறக்கக் காத்து யாரோ உட்கார்ந்திருந்திருக்கிறார். அவர் உட்கார்ந்த இடம் மட்டும் கறுப்பாக இருக்க, சுற்றியுள்ள கல் வெளுத்துப்போயிருந்தது. அந்தப் படியை வெட்டி எடுத்து ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் இதை "மனிதன் ஆவியாகி நிழல் மட்டும் கல்லில் ஒட்டிக்கொண்டது" என்று அனுப்புகிறார்கள். அறிவியல் ஆசிரியர் அதைத் திருத்த வேண்டும். வெப்பக் கதிர் பட்ட கல் வெளுத்தது. உடம்பு மறைத்த இடம் பழைய நிறத்திலேயே தங்கியது. நெருப்புக் கோளத்துக்கு நேர் கீழே தரை 3,000 டிகிரிக்கு மேல் சூடானதும், ஒளி நேர்கோட்டில் போவதும் சேர்ந்து எழுதிய கணக்கு அது. உண்மையே போதுமான அளவு பயங்கரமாக இருக்கும்போது எதற்கு ஜோடனை?

அதே அருங்காட்சியகத்தில் ஒரு சாப்பாட்டு டப்பா இருக்கிறது. சோறு டப்பாவுக்குள்ளேயே கரியாகியிருக்கிறது. அரிசியும் வாற்கோதுமையும் சோயாவும் கலந்த சோறு, கூட உருளைக்கிழங்கு. அதை எடுத்துப் போனவன் நடுநிலைப் பள்ளி முதலாண்டுப் பையன். மூன்றாம் நாள் அம்மா தேடிப் போய், உடம்புக்கு அடியில் இருந்த டப்பாவை வைத்துத்தான் அடையாளம் கண்டார். அன்று காலை அவனைப் போல ஆயிரக்கணக்கான பிள்ளைகள் நகர மையத்தில் இருந்தார்கள். விமானத் தாக்குதலில் தீ பரவாமல் இருக்க வீடுகளை இடித்து இடைவெளி உண்டாக்கும் வேலைக்குப் பள்ளியிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். அவர்களில் சுமார் 6,000 பேர் பிழைக்கவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயது. நம் பள்ளிகளில் ஏழாவது, எட்டாவது.

கதிர்வீச்சு அதற்கும் பிறகு. ஒரு கீறல்கூட இல்லாமல் நடந்து வந்தவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் முடி கொத்தாக உதிர்ந்தது, ஈறில் ரத்தம் கசிந்தது, தோலில் ஊதாப் புள்ளிகள் வந்தன, செத்தார்கள். எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவதை நிறுத்திவிட்டது. 1945 முடிவதற்குள் ஹிரோஷிமாவில் ஏறத்தாழ 1,40,000 பேர், நாகசாகியில் 70,000 பேருக்கும் மேல். சில ஆண்டுகளில் ரத்தப் புற்றுநோய் கூடியது, பத்தாண்டு கழித்து மற்ற புற்றுநோய்கள். கருவில் எட்டு முதல் பதினைந்து வாரமாக இருந்த குழந்தைகள் பலருக்கு மூளை வளர்ச்சி குன்றியது. ஆனால் ஒன்று: பேச்சுப் போட்டிகளில் நம் பிள்ளைகள் "தலைமுறை தலைமுறையாக ஊனமாகப் பிறக்கிறார்கள்" என்று முழங்குகிறார்கள். குண்டு வீச்சுக்குப் பிறகு கருவுற்றுப் பிறந்த பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தும், பரம்பரைக் கோளாறு கூடியதற்கான தெளிவான சான்று கிடைக்கவில்லை. ஜப்பானிலும் அப்படி நம்பியதால் நடந்தது என்ன தெரியுமா? ஹிபாகுஷா என்று அழைக்கப்பட்ட அந்த மக்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பெண் கொடுக்கவும் எடுக்கவும் ஆள் தயங்கினார்கள். மிகைப்படுத்தலுக்கும் பலி உண்டு.

அமெரிக்க ஆக்கிரமிப்பு ஆட்சி பத்திரிகைத் தணிக்கை போட்டதால், பாதிக்கப்பட்டவர்களின் நிலையை ஜப்பானிலேயே வெளிப்படையாக எழுத முடியாமல் ஆண்டுகள் போயின. மருத்துவ உதவிச் சட்டம் 1957-ல்தான் வந்தது. 1956-ல் அவர்களே சேர்ந்து அமைத்த நிஹோன் ஹிடான்கியோ என்ற அமைப்புக்கு 2024-ல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. நம் பிள்ளைகள் பொது அறிவுக்காக மனப்பாடம் செய்யும் அந்த ஒரு வரிக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது.

"ஜப்பான் சரண்டர்" என்பதும் அவ்வளவு நேர்ப் பாதை இல்லை. ஆகஸ்ட் 8-ல் சோவியத் யூனியன் ஜப்பான் மேல் போர் அறிவித்தது. 9-ல் நாகசாகி. சரணடைவு அறிவிப்பு 15-ல். எது முடிவைத் தீர்மானித்தது என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். வரலாற்று ஆசிரியரையும் ஒரு பீரியட் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இனி பல். நம் மாவட்டங்களில் ஒருவர் சிரித்தாலே எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர் என்று சொல்லிவிடலாம். போர்வெல் தண்ணீரில் ஃப்ளூரைடு. பல் முளைக்கிற வயதில் அது எனாமலில் போய் உட்கார்ந்துகொள்ளும். பழுப்புக் கறை ஆயுளுக்கும் போகாது. வயதான பிறகு மூட்டும் முதுகும் விறைத்துப் போனவர்கள் நம் வீடுகளிலேயே உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டோம். அந்தத் திட்டத்துக்குக் கடன் கொடுத்தது ஜப்பான் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லலாம். (கடன்தான், தானமில்லை. ஆனாலும் சொல்லலாம்.)

சொல்ல வந்தது வேறு. 1958-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் தாய்மார்களும் சேர்ந்து குழந்தைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். நம் வீட்டில் சாணத்தில் வைத்துக் கூரை மேல் எறிவோமே, அந்தப் பல். பல் கொடுத்த குழந்தைக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ். காலப்போக்கில் சுமார் மூன்று லட்சம் பற்கள் சேர்ந்தன. எதற்கு? அப்போது அமெரிக்காவும் சோவியத்தும் திறந்த வெளியில் குண்டு மேல் குண்டாகச் சோதித்துக்கொண்டிருந்தன. 1954 மார்ச் 1-ல் பிகினி தீவில் வெடித்த ஹைட்ரஜன் குண்டு 15 மெகா டன், ஹிரோஷிமாவைப் போல ஆயிரம் மடங்கு. எதிர்பார்த்ததைவிட இரண்டரை மடங்கு பெரிதாக வெடித்துச் சாம்பலைத் தூவியதில், தொலைவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகின் 23 பேரும் நோயில் விழுந்தார்கள், படகின் வானொலிக் கருவியை இயக்கியவர் இறந்தார். அந்தச் சாம்பலில் ஸ்ட்ரான்சியம் 90 உண்டு. தனிம வரிசை அட்டவணையில் கால்சியத்துக்கு நேர் கீழே ஸ்ட்ரான்சியம். உடம்புக்கு இரண்டுக்கும் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. வானத்திலிருந்து மழை, மழையிலிருந்து புல், புல்லிலிருந்து பசு, பசுவிலிருந்து பால், பாலிலிருந்து பல். அரை ஆயுள் சுமார் 29 ஆண்டு. சோதனைகள் உச்சத்தில் இருந்தபோது பிறந்த குழந்தைகளின் பல்லில், 1950 வாக்கில் பிறந்தவர்களைவிடப் பல மடங்கு ஸ்ட்ரான்சியம் 90 இருந்தது. எங்கோ பாலைவனத்திலும் கடலிலும் வெடித்தது பிள்ளை வாய்க்குள் வந்துவிட்டது என்று பெற்றவர்களுக்குப் புரிந்தபோதுதான் அரசியல்வாதிகளுக்கும் புரிந்தது. உலகத்தில் வேறெந்த வகுப்பறையையும்விடத் தர்மபுரி வகுப்பறைக்கு இந்த ஆய்வு சட்டென்று விளங்கும். நம்மிடம் இதைச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

அதே காலத்தில் நம் மண்ணிலிருந்து ஒருவர் கிளம்பிப் போன கதையும் உண்டு. ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி. அணுகுண்டுச் சோதனைகளை எதிர்த்து 1950-களிலேயே எழுதியும் பேசியும் வந்தவர். 1961-ல் சோவியத் 50 மெகா டன் குண்டு ஒன்றை வெடித்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவும் வளிமண்டலச் சோதனைகளை மறுபடி தொடங்கியது. காந்தி அமைதி அறக்கட்டளை ஒரு தூதுக் குழுவை அனுப்ப முடிவு செய்தது. தலைவர் ராஜாஜி, உடன் ஆர்.ஆர். திவாகரும் பி. சிவராவும். 83 வயது. 1962 செப்டம்பர் 28-ல் வெள்ளை மாளிகையில் கென்னடியைச் சந்தித்து, சோதனைகளை நிறுத்துங்கள் என்று கேட்டார். ஒதுக்கிய நேரத்தைத் தாண்டிப் பேச்சு நீண்டது. மூன்று வாரம்கூட ஆகவில்லை, கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்து உலகமே விளிம்புக்குப் போய் வந்தது. 1963 ஆகஸ்ட் 5-ல் மாஸ்கோவில் அமெரிக்கா, சோவியத், பிரிட்டன் மூன்றும் கையெழுத்துப் போட்டன: வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் இனிச் சோதனை இல்லை. பூமிக்கடியில் மட்டும் தொடர்ந்தது.

ராஜாஜி போய்ப் பேசியதால்தான் ஒப்பந்தம் வந்தது என்று நான் அளக்க மாட்டேன். கியூபா கொடுத்த பயமும் செயின்ட் லூயிஸ் பற்களும் அதைவிடப் பெரிய காரணங்கள். 1953-ன் கல்வித் திட்டத்துக்காக ராஜாஜியை இன்றும் கடுமையாக விமர்சிப்பவர்களில் நானும் ஒருவன். அரைநாள் படிப்பு, அரைநாள் அப்பன் தொழில் என்பதை ஏற்கவே முடியாது. ஆனால் அதற்காக 1962-ஐ மறைப்பானேன்? தகடூரிலிருந்து ஔவை தொண்டைமானிடம் தூது போய், பளபளவென்று அடுக்கி வைத்த ஆயுதக் கொட்டிலைப் பார்த்துக் குத்தலாகப் பேசியதை நாம் மேடைதோறும் சொல்கிறோம். பயன்படாமல் மினுங்கும் ஆயுதம் என்று அவர் இளக்காரம் செய்தார். அணுகுண்டு விஷயத்தில் மட்டும் அது அப்படியே கொட்டிலில் கிடக்கட்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நம் கொட்டிலிலும் இருக்கிறது. 1974-ல் ஒரு முறை, 1998-ல் மறுபடியும் பொக்ரானில் சோதித்தோம். இன்று உலகில் மொத்தம் 12,000-க்கும் மேற்பட்ட அணு ஆயுதங்கள். அவற்றில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ரஷ்யாவிடமும் அமெரிக்காவிடமும். இந்தியாவிடம் சுமார் 180, பாகிஸ்தானிடம் சுமார் 170 என்பது வெளியார் மதிப்பீடு. முதலில் பயன்படுத்த மாட்டோம் என்பது நம் அரசின் அறிவித்த கொள்கை. வைத்திருப்பவர் மட்டும் வைத்திருக்கலாம், மற்றவர் கூடாது என்கிற பரவல் தடை ஒப்பந்தத்தில் நாம் சேராததற்கும் நியாயமான காரணம் உண்டு. பொக்ரானை நினைத்துப் பெருமைப்படும் பிள்ளையின் பெருமையைக் கிள்ளச் சொல்லவில்லை. குண்டு இருப்பதால்தான் பெரிய போர் வராமல் இருக்கிறது என்று வாதாடுகிற மாணவரும் பேசட்டும், அது உலகம் முழுக்க நடக்கும் வாதம். அவரிடம் இரண்டு சம்பவங்களை மட்டும் கொடுங்கள். 1983 செப்டம்பர் 26 இரவு, அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகச் சோவியத் எச்சரிக்கைக் கணினி சொன்னது. மேகத்தில் பட்ட சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் ஏவுகணையாக எண்ணிவிட்டது. இது தவறான எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொன்னவர் பணியில் இருந்த அதிகாரி ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ். 2022 மார்ச் 9-ல் நம்முடைய பிரமோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பிப் பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே போய் விழுந்தது. அதில் வெடிபொருள் இல்லை. அந்தப் பக்கம் நிதானமாக இருந்தார்கள். விமானப்படை அதிகாரிகள் மூன்று பேர் வேலை இழந்தார்கள். தடுப்பாயுதம் என்ற வாதம், இரண்டு பக்கமும் எல்லா நாளும் நிதானமாக இருப்பார்கள் என்பதையும் சேர்த்துத்தான் நிற்கிறது.

டில்லியும் கராச்சியும் நமக்குத் தூரம், தர்மபுரியில் யார் குண்டு போடப் போகிறார்கள் என்று ஒரு சக ஆசிரியரே என்னிடம் கேட்டார். வட்டத்துக்கு வெளியே இருந்தாலும் தப்ப முடியாது என்பதைக் காலநிலை ஆய்வாளர்கள் கணக்காகப் போட்டிருக்கிறார்கள். நகரங்கள் எரிந்தால் புகைக்கரி மழை மேகங்களுக்கு மேலே ஏறிவிடும். அங்கே மழை இல்லை, கழுவி இறக்க ஆளில்லை. ஆண்டுக் கணக்கில் சூரிய ஒளியை மறைக்கும். 1815-ல் தம்போரா எரிமலை வெடித்து, அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வராமல் போன கதை தெரியும்தானே. 2022-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்தியா, பாகிஸ்தான் போரின் மோசமான கணக்கில் உலகம் முழுக்க 200 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பட்டினியால் சாவார்கள் என்றது. எவ்வளவு கரி ஏறும் என்பதில் விஞ்ஞானிகளிடையே கருத்து வேறுபாடு உண்டு, அதையும் சொல்லுங்கள். ஆனால் கேழ்வரகும் சாமையும் மாங்காயும் வானம் பார்த்து விளைகிற ஊரில், ஒரு பருவமழை தப்பினால் என்னாகும் என்று எந்த வீட்டுப் பிள்ளைக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இனி நான் கேட்பது. அடுத்த கண்காட்சியில் அணுகுண்டு மாடல் வந்தால் துரத்தாதீர்கள், வரட்டும். மதிப்பெண் தாளில் வேலைப்பாட்டுக்கும் விளக்கத்துக்கும் போடுவதுபோல, விளைவைச் சொல்வதற்கும் ஒரு பத்து மதிப்பெண் ஒதுக்குங்கள். காளான் மேகத்துக்குப் பக்கத்தில் ஒரு வரைபடமும் காம்பஸும், ஸ்ட்ரான்சியமும் கால்சியமும் வட்டமிட்ட ஒரு தனிம அட்டவணையும் இருந்தால் போதும். மாடல் செய்த பையனே அழகாகச் சொல்வான், அவனுக்கு நாக்கு இருக்கிறது. ஆகஸ்ட் 6 அன்று காகிதக் கொக்கு மடித்து போட்டோ எடுத்து குரூப்பில் போடுவதோடு நிற்காமல், காலை வழிபாட்டில் ஐந்து நிமிடம் அந்தச் சாப்பாட்டு டப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள். ஓசூர் பக்கத்துப் பள்ளிகள் தொரப்பள்ளி நினைவு இல்லத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது கவர்னர் ஜெனரல் பதவியோடு முடித்துவிடாமல் 1962 செப்டம்பரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிலபஸில் இல்லை என்று சிலர் சொல்வீர்கள். தொடர்வினை இருக்கிறது, அரை ஆயுள் இருக்கிறது, அலைகளின் மேற்பொருந்துதல் இருக்கிறது, தனிம அட்டவணை இருக்கிறது. மேலே நான் எழுதியதில் நீங்கள் நடத்தாத இயற்பியல் எதுவும் இல்லை. பொதுத் தேர்வுக்கு நேரம் போதாது என்பவர்களுக்கு: அந்த 0.7 கிராம் கணக்கு ஐந்து மதிப்பெண்ணுக்கு அப்படியே பொருந்தும். மாணவர்கள் இருமடியில் ஒரு சுழியை விட்டுவிடுகிறார்கள், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்காட்சிக்கு நடுவர் கிடைக்கவில்லை என்றால் சொல்லி அனுப்புங்கள், வருகிறேன். பேருந்துக் கட்டணம்கூட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற முதுகலை இயற்பியல் ஆசிரியர்,
காரிமங்கலம் வட்டம், தர்மபுரி மாவட்டம்.